கலங்கரை விளக்கமும் கட்டணக் காட்சியும்: வடசென்னைத் தொலைக்காட்சி வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

மக்கள் நுகரும் பொருள்களை இருவகையாகப் பகுக்கலாம். ஒருவர் நுகர்ந்தால் மற்றவர்க்குக் குறைவன ஒருவகை. எத்துணைப் பேர் நுகரினும் குறையாதன மற்றொரு வகை. உண்ணும் சோறு முதல்வகையைச் சார்ந்தது. கலங்கரை விளக்கத்தின் ஒளி இரண்டாம் வகையைச் சார்ந்தது. கடலில் வரும் கலம் ஒன்றாயினும் நூறாயினும் விளக்கெரிப்பவனுக்குச் செலவு ஒன்றே. நீர்ப்பெயற்றுத் துறையில் நின்ற கலங்கரை விளக்கத்தைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோரையும் அவர்கள் பொறித்த புலி இலச்சினையையும் பட்டினப்பாலை கூறுகின்றது. இவ்விரண்டினையும் சேர்த்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒளி யாவர்க்கும் பொது. பொருள் கொள்ளுமிடம் துறைவாயில். இந்தியாவிலும் 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம், ஒளியைக் காண்பதற்கன்றித் துறைமுகத்துள் புகும் கப்பல்களின்மீதே விளக்குவரி விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2021-ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது.

வானலை வழியாக வரும் தொலைக்காட்சியும் இவ்விளக்கொளி போன்றதே. ஒரு வீட்டார் பார்ப்பதனால் அடுத்த வீட்டார்க்குக் காட்சி குறைவதில்லை. அங்ஙனமாகவும், இன்று இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பெரும்பாலான இல்லங்கள் திங்கள்தோறும் பணம் செலுத்தியே தொலைக்காட்சி காண்கின்றன. கட்டணமின்றி வந்த காட்சி கட்டணக் காட்சியாக மாறியது எங்ஙனம்? அம்மாற்றத்தால் மக்கள் பெற்றது யாது? இழந்தது யாது? இவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இருவகைக் காட்சிகளையும் செலவு ஒன்றையே கொண்டு எடையிடுதல் பொருந்தாது. காட்சியின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. களமும் மக்களும்

1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய புகைவண்டியே தென்னிந்தியாவின் முதற் பயணிவண்டியாகும். துறைமுகமும் இருப்புப்பாதையும் அமைந்தபின் வடசென்னை தொழிற்பகுதியாக வளர்ந்தது. 1948-ஆம் ஆண்டில் எண்ணூரில் அசோக் நிறுவனத்தின் ஊர்தித் தொழிற்சாலையும், 1955-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும் தொடங்கின. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்பே இக்கரையில் வாழ்ந்தவர் பரதவர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இன்றும் அவர்தம் வாழ்வின் நடுவிடமாக விளங்குகின்றது.

இப்பகுதி மக்களின் வருவாய் ஒருதன்மையது அன்று. ஆலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் உண்டு, சுமைதூக்குவார்க்கு நாட்கூலி, மீனவர்க்கோ கடல் தரும் அளவே வருவாய். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லல் ஆகாது. வருவாய் நின்றபோதும் மாதக் கட்டணம் நிற்பதில்லை. மாதச் சந்தா என்னும் முறை மாதச் சம்பளக்காரர் வாழ்வை அளவுகோலாகக் கொண்டு அமைந்தது. அவ்வளவுகோல் இக்கரை மக்கள் அனைவர்க்கும் பொருந்துவதன்று என்பதை இங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும்.

2. வானொலி தந்த பாடம்

தொலைக்காட்சி வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னை இவ்வினாவை எதிர்கொண்டது. 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார். உறுப்பினர் தரும் பொருளே அக்கழகத்தின் முதல். அப்பொருள் போதாமையால் 1927-ஆம் ஆண்டில் ஒலிபரப்பு நின்றது. கழகம் தன் ஒலிபரப்பிக் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு அளித்தது. 1930 ஏப்ரல் முதல் நாளில் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மாலை நேரங்களில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வழியாக மக்கள் இசை கேட்டனர். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெறும்வரை இது நடந்தது.

அதே காலத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்புக் குழுமம் வேறொரு வழியை மேற்கொண்டது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தினர். அதில் நூற்றுக்கு 80 பங்கு குழுமத்தைச் சேர்ந்தது. 1927-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்குழுமம் 1930-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. உறுப்பினர் சந்தாவை நம்பிய கழகமும், உரிமக் கட்டணத்தை நம்பிய குழுமமும் நிலைக்கவில்லை. கேட்போரை எண்ணாமல், நகரின் பொதுப்பொருளைக் கொண்டு பூங்காவில் ஒலிபெருக்கி வைத்த மாநகராட்சி எட்டாண்டுகள் ஒலிபரப்பியது.

பூங்காவில் கூடிக் கேட்கும் பழக்கம் வடசென்னைக்குப் புதியதன்று. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம் இராயபுரம் இராபின்சன் பூங்கா. கேட்போர் நுழைவுச்சீட்டு வாங்கவில்லை. பேச்சு காற்றில் வந்தது. காற்றில் வருவது யாவர்க்கும் உரியது என்னும் எண்ணம் இம்மக்களிடையே முன்பே வேரூன்றியிருந்தது எனலாம்.

3. வான்வழிக் காட்சி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர்ந்தது 1975 ஆகஸ்டு 15-இல். சேப்பாக்கம் பகுதியிலிருந்து எழுந்த அலைகளைக் கூரைமேல் நிறுத்திய ஆண்டெனா வாங்கித் தந்தது. 1976 ஏப்ரலில் தொலைக்காட்சி, வானொலியினின்று பிரிந்து தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று.

அக்காலத்துக் காட்சி கட்டணமற்றது என்பர் பலர். அக்கூற்று முழுதும் உண்மையன்று. பெட்டியின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய். மேலும், பெட்டிக்கு உரிமம் பெற்று அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிக்குரிய ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். 1980-களின் நடுவில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமக் கட்டணம் நீக்கப்பெற்றது. எனவே, எக்கட்டணமும் இன்றி வான்வழிக் காட்சி கண்ட காலம் தொலைக்காட்சி வரலாற்றின் ஒரு பகுதியேயாம்.

பெட்டி அரிதாக இருந்தமையின் காட்சி பொதுவாயிற்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காணவும், ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் காணவும் ஒருவர் இல்லத்தில் தெருவே கூடியது. வந்தவர்களிடம் காசு பெற்றுக்கொண்ட வீட்டாரும் உண்டு. அதாவது, அலைக்கு விலையில்லை. ஆனால் திண்ணைக்கு விலை இருந்தது. கட்டணக் காட்சியின் முதல் வித்து இது போலும்.

வான்வழிக் காட்சியின் குறையையும் மறைத்தல் ஆகாது. 1982 ஆகஸ்டு 15 முதல் நாடு முழுவதற்குமான பொது நிகழ்ச்சி தில்லியிலிருந்து வரலாயிற்று. இரவின் சிறந்த நேரம் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் உரியதாயிற்று. பகலெல்லாம் உழைத்து வீடு திரும்பிய தொழிலாளி பெட்டியை இயக்கும் வேளையில் அவன் மொழி அதில் இல்லை. செய்தியோ அரசு விரும்பிய செய்தி. கட்டணமில்லாத காட்சி என்பது விருப்பத்தேர்வு இல்லாத காட்சியாகவும் இருந்தது. இதனை உணராதார், பின்னர் மக்கள் பணம் கொடுத்துக் கேபிள் இணைப்புப் பெற்றதன் காரணத்தை உணரமாட்டார்.

4. கம்பிவழிக் காட்சி

1991-ஆம் ஆண்டின் வளைகுடாப் போரும், அவ்வாண்டில் ஸ்டார் நிறுவனம் தொடங்கிய துணைக்கோள் ஒளிபரப்பும் இந்திய நகரங்களில் கேபிள் தொழிலைப் பரப்பின. மாடியில் வட்டக் குடை ஒன்றை நிறுத்திக் கம்பத்துக்குக் கம்பம் கம்பியிழுத்து வீடுகளுக்குக் காட்சி தந்தவர்கள் பெரும்பாலும் அவ்வத் தெருவின் இளைஞர்களே. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. இரவு நேரத்தில் தமிழ் கேட்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. மக்கள் பணம் செலுத்தியது வெளிநாட்டுப் படங்களுக்காக அன்று. தம் மொழிக்காகவே எனல் மிகையாகாது. வான்வழி மறுத்ததைக் கம்பிவழி தந்தது.

இக்காலத்தில் கட்டணம் பெற வந்தவர் தெரிந்த முகத்தினர். மீன்பாடு இல்லாத மாதத்தில், 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். எழுதாத கணக்கும் பொறுமையும் அத்தொழிலின் ஒரு கூறாக இருந்தன. சட்டம் பின்னரே வந்தது. 1994-ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தையடுத்து 1995-இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது.

அதே 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-இல், வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. அவற்றை அரசும் தனதெனத் தனியுரிமை கொண்டாடல் இயலாது. தனியாரும் விருப்பம்போல் ஆளல் இயலாது. பொதுநலங் கருதி ஒழுங்குபடுத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. வரலாற்றின் விந்தை யாதெனின், வானலை மக்களுடையது என்று நீதிமன்றம் கூறிய அக்காலத்திலேயே மக்கள் வானலையை விட்டுக் கம்பிக்கு மாறிக்கொண்டிருந்தனர்.

5. அரசும் கட்டணமும்

2003 செப்டம்பர் முதல் நாளில் சென்னையில் நிபந்தனை அணுகுமுறை நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 30 கட்டணமில்லா அலைவரிசைகளைக் கொண்ட அடிப்படைத் தொகுதிக்கு மாதம் 72 ரூபாயும் வரியும் என வரையறுத்தனர். கட்டண அலைவரிசை வேண்டுவோர் செட்-டாப் பெட்டி வாங்குதல் வேண்டும். அம்முறை தில்லியில் தடைப்பட்டது, சென்னையில் நிலைத்தது. காரணம் தெளிவு. தமிழ் நிகழ்ச்சிகளே போதும் எனக் கருதிய இல்லங்கள் பெட்டி வாங்காமலே பார்த்தன. பெட்டி வாங்கினோர் சிறுதொகையினரே. தாம் வேண்டியதற்கு மட்டும் பணம் தருதல் என்னும் கொள்கை, சென்னை மக்களால் வேண்டாததை மறுத்தல் என்னும் கொள்கையாகப் பயன்பட்டது.

2006 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டில் ஆட்சி மாறும்வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்கள் 14 அங்குலப் பெட்டியைப் பெற்றன. இத்தகைய வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில், அவை சட்டம் கூறும் ஊழல் நடைமுறை ஆகா என 2013 ஜூலை 5-இல் உச்சநீதிமன்றம் கூறியது. எனினும், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது.

இத்திட்டத்தால் நிகழ்ந்த தலைகீழ் மாற்றம் கருதத்தக்கது. 1975-இல் பெட்டிக்கு விலை, காட்சிக்கு விலையில்லை. 2006-க்குப் பின் பெட்டிக்கு விலையில்லை, காட்சிக்கு விலை. இலவசமாகப் பெற்ற பெட்டி ஒவ்வொன்றும் திங்கள்தோறும் கட்டணம் செலுத்தும் ஓர் இல்லத்தை உருவாக்க வல்லதாயிற்று. அக்கட்டணத்தைக் குறைப்பதும் அரசின் கடமை என்னும் எண்ணம் இதன் தொடர்ச்சியே. 2007-இல் நிறுவப்பெற்ற அரசு கேபிள் தொலைக்காட்சிக் கழகம், 2011 செப்டம்பர் 2-இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டும் உயிர்பெற்றது. முதலில் சென்னை நீங்கலான பகுதிகளிலும் பின்னர்ச் சென்னையிலும் அது செயற்பட்டது.

2019 பிப்ரவரி முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை வந்தது. 100 அலைவரிசைகளுக்கு இணைப்புக் கட்டணம் 130 ரூபாய். 18 விழுக்காட்டு வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளின் விலை இதற்கு மேல். அடிப்படை இணைப்புக்கு மட்டும் ஓராண்டில் 1,840 ரூபாய் 80 காசு ஆயிற்று. அந்த 130 ரூபாய் உச்சவரம்பும் 2024-இல் நீக்கப்பெற்றது. செட்-டாப் பெட்டிக்கு முன்பணம் செலுத்தும் முறையும் நிலைபெற்றது. பணம் தீர்ந்த நாளில் காட்சி தானே நின்றுவிடும். தவணை சொல்லும் தெருக்காரர் இடத்தில், தவணை அறியாத கருவி வந்தது.

இடையே வான்வழிக் காட்சி மெல்ல மறைந்தது. 2016-ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் தூர்தர்ஷன் எண்முறை வான்வழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அது மக்களிடையே பரவவில்லை. பழைய முறை ஒளிபரப்பிகள், எல்லைப்புறம் முதலிய சில இடங்கள் ஒழிய, 2022-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் கட்டணமில்லாத் துணைக்கோள் சேவை, குடையும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் வேண்டாதது. எனினும் அதில் இந்தி அலைவரிசைகளே மிகுதி. முன்னணித் தனியார் தமிழ் அலைவரிசைகள் பல அதில் இல்லை. 1982-இல் எழுந்த மொழிக்குறை வேறு வடிவில் இன்றும் தொடர்கின்றது.

6. சொற்கள் உணர்த்தும் வரலாறு

'இலவசம்' என்னும் சொல் 2006-ஆம் ஆண்டுத் திட்டத்தின் பெயரில் நின்றது. 2011-க்குப் பின் வந்த அரசு தன் திட்டங்களுக்கு 'விலையில்லா' என்னும் அடைமொழியை வழங்கியது. கேபிள் விதிகள் 'கட்டணமில்லா' என்கின்றன. மூன்றும் ஒன்றன் இன்மையையே குறிக்கின்றன. ஆயின் உடைமையைக் குறிக்கும் சொல் 'பொது' என்பதே. இலவசம் என்பது ஒருவர் தர மற்றவர் பெறுவது. தருபவர் நிறுத்தினால் நிற்கும். பொது என்பது தருவாரும் பெறுவாரும் வேறல்லாதது.

'சந்தா' உருது வழியாக வந்த சொல். பலர் கூடிப் பொதுச்செயல் ஒன்றற்கு அளிக்கும் பங்கினை அது குறித்தது. 1918 ஏப்ரல் 27-இல் வடசென்னை ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அத்தகைய சங்கங்களில் சந்தா செலுத்தியவனுக்கு வாக்கு உண்டு. கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. இன்று தொலைக்காட்சிக்குச் சந்தா செலுத்துபவனுக்கு அவ்வுரிமைகள் இல்லை. சொல் நிற்கின்றது, பொருளின் பாதி நீங்கியது.

'புறம்போக்கு' என்னும் சொல்லும் கருதத்தக்கது. வரிவிதிப்புக்குப் புறம்பாக ஊர்ப்பொதுவுக்கென விடப்பட்ட நிலம் புறம்போக்கு. எண்ணூர்க் கழிமுகம் அத்தகையது. யாருக்கும் உரியதன்று எனக் கருதப்பட்டமையால் அது சாம்பலுக்கும் கழிவுக்கும் இடமாயிற்று. யாவர்க்கும் உரியது, யாருக்கும் உரியதன்று என்னும் இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மறந்ததன் விளைவு அது. வானலையும் ஒருவகைப் புறம்போக்கே. அதன் பொதுமையை மறப்பின் அதற்கும் அந்நிலை நேரும்.

7. இருபுறமும் எடையிடல்

இவ்வழக்கு அமெரிக்கப் பொருளியலார் இடையிலும் நிகழ்ந்தது. பால் சாமுவெல்சன் 1958-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொலைக்காட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பணம் தராதாரைக் கருவியால் விலக்கல் கூடும் என்பதாலேயே விலக்கல் முறையாகாது. ஒருவர் கூடுதலாகக் காண்பதால் செலவு ஏதும் மிகாதாகலின், அவரை விலக்குவது வீண் இழப்பு என்பது அவர் கருத்து. 1964-இல் ஜோரா மினாசியன் இதனை மறுத்தார். விலை இல்லையேல் மக்கள் விரும்புவது யாதென அறிய வழியில்லை. விளம்பரத்தால் நடக்கும் காட்சி விளம்பரதாரர் விருப்பத்தையே காட்டும் என்றார்.

வடசென்னை வரலாறு இருவர் கூற்றுக்கும் சான்று பகர்கின்றது. 1982 முதல் தமிழுக்கு நேரம் குறைந்தபோது, விலையில்லா ஒளிபரப்பில் மக்கள் விருப்பம் தில்லிக்குக் கேட்கவில்லை. கேபிளுக்குப் பணம் தந்தபோதே அது கேட்டது. இங்கு மினாசியன் கூற்று நிலைபெறுகின்றது. ஆயின், மீன்பிடித் தடைக்காலத்தில் முன்பணம் தீர்ந்து காட்சி நிற்கும் இல்லத்தை எண்ணுக. அவ்வில்லம் பார்ப்பதனால் எவர்க்கும் இழப்பில்லை. அதனை விலக்குவதனால் எவர்க்கும் ஊதியமும் இல்லை. இங்குச் சாமுவெல்சன் கூற்று நிலைபெறுகின்றது.

கட்டணம் மிகுதி என்று மட்டும் கூறிக் கம்பிவழிக் காட்சியைப் பழித்தல் சாலாது. ஒரு குடும்பம் ஒருமுறை திரையரங்கு செல்லும் செலவோடு ஒப்பிடின் மாதக் கட்டணம் பெரிதன்று. எனினும் செய்தியும் எச்சரிக்கையும் திரைப்படத்தோடு ஒரே கட்டில் கட்டப்பட்டு, ஒரே பூட்டினால் பூட்டப்படுவதே குறை. துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 11 படிகளை உடையது. அதனைக் காண்பார் கட்டணம் செலுத்தினரா என எவரும் வினவார். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தபோது மரங்களோடு கம்பங்களும் சாய்ந்தன. கேபிள் கம்பிகள் அறுந்தன. கைப்பேசிச் சேவையும் தளர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் மின்சாரம் நின்றது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் தொலைக்காட்சி எவ்வகையதாயினும் இயங்காது என்பது உண்மையே. எனினும் மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிக்குக் கம்பியும் வேண்டா, கணக்கும் வேண்டா. அலை வருமாயின் ஒலி வரும்.

எர்ணாவூரில் அகில இந்திய வானொலி நகர் என ஓர் இடம் உண்டு. 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளால் வீடிழந்த கரையோர மக்கள் குடியேறிய பகுதி அது. ஒலிபரப்பின் பெயரைத் தாங்கிய நிலத்தில், கடலின் எச்சரிக்கை கிட்டாமையால் வீடிழந்தோர் வாழ்கின்றனர். பொது ஒளிபரப்பு எதற்கு என வினவுவார்க்கு அவ்வூர்ப்பெயரே விடையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். முழுதும் கட்டணமற்ற காட்சி வடசென்னையில் நெடுங்காலம் இருந்ததில்லை. பெட்டியாகவும் உரிமமாகவும் கம்பியாகவும் மக்கள் ஏதேனும் ஒருவகையில் பொருள் கொடுத்தே வந்தனர். அவர்கள் வான்வழியைக் கைவிட்டது விலையைக் கருதியன்று; அது தம் மொழியைக் கைவிட்டமையாலேயே. கம்பிவழி அவர்க்குத் தேர்வுரிமை தந்தது. அதற்கு ஈடாகத் திறவுகோலைப் பிறர் கையில் கொடுக்கச் செய்தது.

ஆகலின் பொழுதுபோக்கைக் கட்டணத்துக்கு விடலாம். விரும்பினார் வாங்குவர், விரும்பாதார் விடுவர். செய்தி, கல்வி, இயற்கை இடரின் எச்சரிக்கை ஆகியவற்றை மக்களின் மொழியில், எக்கருவியும் பூட்ட இயலாத அலையில் வைத்தல் வேண்டும். அதற்காகும் செலவை, கப்பல்மீது விதித்த விளக்குவரிபோல, அவ்வலையால் ஊதியம் பெறும் நிறுவனங்களிடம் கொள்ளலாம். துறைவாயிலில் சுங்கம் கொண்ட பண்டைத் தமிழர் விளக்கொளிக்குத் திரையிடவில்லை. அம்முறை இன்றைய ஒளிபரப்புக்கும் ஏற்றதேயாம்.